ஓரத்தில் எழுதிய வாக்கு

1988, பிப்ரவரித் திங்கள் 11

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே வீடு நலம், நான் நலம். தொண்டை ஒன்றே கட்டிக் கிடக்கிறது. மலைக்குளிர் உன் மூட்டுகளை வருத்தாமல் இருக்கிறதா? வேளைக்கு உண்கிறாயா?

செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வரும் சட்டப் பேரவைத் தேர்தலில் நம் தொகுதிக்குக் கட்சி என்னை வேட்பாளராக அறிவித்துவிட்டது. இருபது ஆண்டுகள் பிறருக்காக மேடையேறிய நா, இம்முறை தனக்காகப் பேசப் போகிறது. என் சின்னம் மண்வெட்டி. எதிரே நிற்பவர் மரக்கடைக்காரர். இரண்டு முறை வென்றவர். பத்தாண்டுகளில் பேரவையில் அவர் எழுப்பிய ஒரே ஒலி இருமல் என்கிறார்கள். ‘இருமுவதற்கு ஓர் இருக்கையா?’ என்று நேற்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

உன்னிடம் இரண்டு வேண்டுகோள். உன் பெயர் இன்னும் நம் வீட்டு முகவரியில்தான் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அதை மாற்றிவிடாதே. தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்களுக்கு அஞ்சல் வாக்கு உண்டல்லவா, அதை எனக்கு அளி. அடுத்தது உன் அறை. தெருவைப் பார்த்த கதவு அதற்கு மட்டுமே உண்டு. தேர்தல் முடியும்வரை அதைப் பணிமனையாக வைத்துக்கொள்கிறேன். வாக்கு எண்ணிய மறுநாளே கழுவித் துடைத்து உன்னிடம் ஒப்படைப்பேன்.

உடம்பைப் பேணு.

வெற்றியை நோக்கி,
உன் அண்ணன்


1988, பிப்ரவரி 19

அண்ணே,

வணக்கம். மூட்டுகள் என் சொல்லைக் கேட்கின்றன, படிக்கட்டு கண்ணில் படாதவரை. உங்கள் தொண்டைக்கு வெந்நீர் போதும். வாய்க்கு ஓய்வு கொடுங்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

கடிதத்தை வகுப்பறையிலேயே பிரித்தேன். மகிழ்ச்சியில் பிள்ளைகளுக்கு இரண்டாம் பாடவேளையை விட்டுக்கொடுத்தேன். நீங்கள் வெல்வீர்கள். என்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் ஒன்றேகால் மணி நேரம் உரையாற்றினீர்களே, நினைவிருக்கிறதா? மாப்பிள்ளையின் தந்தை எழுந்து, “தம்பி, நாங்க பொண்ணப் பாக்க வந்தோம், பொதுக்கூட்டத்துக்கு வரல” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். அவர்கள் மயங்கவில்லை. தொகுதி மயங்கும்.

அறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவர் மழைக்கு ஈரம் ஊறி ஓதம் ஏறும். கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். எனக்கு இம்முறை ஆற்றுக்கு அப்பால் வாக்குச்சாவடிப் பணி. அஞ்சல் வாக்கு வந்ததும் முதல் வேலையாக மண்வெட்டிக்குக் குறியிடுகிறேன்.

மே மாதம் பள்ளி விடுமுறை. வந்துவிடுவேன்.

தங்கச்சி


1988, சூன் திங்கள் 14

அன்புத் தங்கைக்கு,

நலமே. உன் நலத்துக்கு ஒரு வரி எழுது.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றேன். இருமல் வென்றது. மக்கள் என் பேச்சுக்குக் கையைத் தட்டினார்கள். அதே கையால் அவருக்கு வாக்களித்தார்கள். மனம் தளரவில்லை. வென்ற கட்சிக்கு ஓய்வு உண்டு, தோற்ற கட்சிக்கு ஏது? பணிமனை இன்னும் சில காலம் நீடிக்க வேண்டியுள்ளது.

மே மாதம் வருவதாக எழுதினாய், வரவில்லையே? ஒரு வகையில் அதுவும் நன்றே. தோழர்கள் பத்துப் பேர் உண்டு உறங்கும் இடத்தில் நீ எங்கே தங்கியிருப்பாய்? அடுத்த விடுமுறைக்கு வா.

அண்ணன்


1993, சனவரி

(இது அச்சிட்ட தேர்தல் அறிக்கை.)

வாக்காளப் பெருமக்களே! தாய்மார்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை மீண்டும் உங்கள் வாசலில் நிற்கிறான். பேரவையில் உங்கள் குரலாய் ஒலிக்க, மண்வெட்டிச் சின்னத்துக்கு முத்திரையிடுவீர்!

(அதன் ஓரத்தில், கைப்பட:)

தங்கச்சி, நலமா? நான் நலம். அஞ்சல் வாக்கை மறந்துவிடாதே. அறை குறித்துப் பிறகு. — அண்ணன்


1993, பிப்ரவரி 6

அண்ணே,

வணக்கம். நலமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டது நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு என்பதால், எந்த ஆண்டின் நலத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. இடையில் ஒரு முறை மஞ்சள் காமாலை வந்து போனது. மற்றபடி நலம்.

ஐந்தாண்டுக்கு ஒரு முறை தெருவுக்கு வரும் உறுப்பினர் என்று மரக்கடைக்காரரை நீங்கள் கிண்டல் செய்வதாகச் செய்தித்தாளில் படித்தேன். நல்ல கிண்டல். நான் எழுதிய ஏழு கடிதங்களும் எங்கே போயின என்று அந்தக் கூட்டத்தில் எவரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 1988 மே மாதம் நான் வந்தேன். பெட்டியோடு நம் வாசலில் நின்றேன். ஒரு தோழர் நாற்காலி போட்டு மறித்து உட்கார்ந்திருந்தார்.

“யாரும்மா நீங்க?”

“அண்ணனப் பாக்கணும்.”

“எல்லாரும் அண்ணனப் பாக்கத்தான் வந்திருக்காங்க. மனு இருந்தா இப்படிக் குடுத்துட்டுப் போங்க.”

“நான் அவரு தங்கச்சிங்க.”

“நாங்க மட்டும் யாரு, அசலா? ஊருக்கே அவரு அண்ணன்தான். வரிசையில நில்லும்மா.”

நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். திறந்த கதவு வழியே என் கட்டில் தெரிந்தது. மேற்குச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. அதன் மேல் சுவரொட்டிக் கட்டுகள், கட்டுகளின் மேல் பசை வாளி. வரிசை நகரவில்லை. நான்கு மணிப் பேருந்தில் ஏறிவிட்டேன். அந்தத் தோழர் மேல் குறை இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.

இப்போது என்னை வாக்குச்சாவடி அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியராக்கியிருக்கிறார்கள். செல்லாத வாக்கு பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். “குறியத் தவிர வேற எதுவும் எழுதக்கூடாது. யார் எழுதுனதுன்னு அடையாளம் தெரியுற மாதிரி ஒரு சொல் இருந்தாலும் செல்லாது. ஒதுக்கி வைக்கிறதுக்கு முன்னால அதை வேட்பாளர் கண்ணுல காட்டணும்” என்பேன். போன முறை ஒருவர் தம் வாக்குச்சீட்டில், ‘எல்லாரும் கள்ளனுங்க’ என்று எழுதிப் போட்டிருந்தார். அத்தனை வேட்பாளர்களும் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

என் வாக்கு உங்களுக்கே. அறை குறித்து எப்போது?

தங்கச்சி


1998, பிப்ரவரி 2

அண்ணே,

வணக்கம். உங்களுக்கு இரத்த அழுத்தம் என்று கேள்விப்பட்டேன். உப்பைக் குறையுங்கள், நிழலில் நின்று பேசுங்கள்.

மூன்றாம் முறையாக நிற்கிறீர்கள் என்பதையும் செய்தித்தாள்தான் சொல்லிற்று. சென்ற முறை முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்குகளில் கைநழுவியது, இம்முறை நழுவாது. போன தேர்தலுக்குப் பிறகு நான் எழுதிய கடிதங்களுக்கு விடையாக உங்கள் அச்சிட்ட நன்றி அட்டை ஒன்று வந்தது. நன்றிக்கு நன்றி.

மே 31 அன்று நான் பணி ஓய்வு பெறுகிறேன். ஆசிரியர் குடியிருப்பில் அதன்பின் நான்கு மாதம் இருக்கலாம். இங்கே எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வளர்ந்து போய்விடுகிறார்கள். மாலையில் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை மணியடிக்கும்வரை நான் ஒரு சொல் பேசுவதில்லை. சில நாள்களில் வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிடும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கிறது.

ஆகவே நேராகக் கேட்கிறேன். நான் வீட்டுக்கு வரட்டுமா?

அப்பா அதை நம் இருவருக்கும் விட்டுச் சென்றார் என்பதை அறிவேன். உரிமை பேசிக்கொண்டு வர எனக்கு விருப்பமில்லை. ஒரு முறை அழையா விருந்தாளியாக வந்து வரிசையில் நின்றாயிற்று. ‘வா’ என்று ஒரு சொல் எழுதுங்கள். உங்களுக்குச் சொல்லுக்கா பஞ்சம்?

எதிர்பார்த்திருக்கும்,
தங்கச்சி


1998, மே திங்கள் 20

தங்கைக்கு,

நலம் கேட்கும் நிலையில் நான் இல்லை.

வாக்கு எண்ணும் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் அஞ்சல் வாக்குகளை எடுத்தார்கள். தேர்தல் அலுவலர் ஒரு சீட்டை மட்டும் தனியே வைத்து என்னை அழைத்தார்.

“ஐயா, மண்வெட்டிக்குக் குறி சரியா இருக்கு. ஆனா ஓரத்துல எழுதியிருக்காங்க. இது செல்லாது. பாத்துக்கங்க.”

பார்த்தேன். ‘அண்ணே, நான் வீட்டுக்கு வரட்டுமா?’

என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மரக்கடைக்காரரின் முகவர், “அண்ணனுக்கு வாக்குச்சீட்டுலயே மனு வந்திருக்குடோய்!” என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் எழுத்து என்று அறிந்த பின்பும், சிரிக்காமல் நின்றால் எவனுக்கேனும் தெரிந்துவிடுமோ என்று, சிரித்தேன்.

மாலையில் கணக்கு முடிந்தது. அவருக்கு முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு. எனக்கும் முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு. மீண்டும் எண்ணினார்கள், அதுவே. சட்டப்படி இரண்டு சீட்டில் இரண்டு பெயரை எழுதி ஒரு தகரப் பெட்டியில் இட்டுக் குலுக்கினார்கள். அலுவலக உதவியாளர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தந்தார். மரக்கடைக்காரர்.

பத்தாண்டு உழைப்பை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் குலுக்க வைத்தவள் நீ. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் அறியாமல் செய்தாய் என்று நான் எப்படி நம்புவேன்? ஏன்?

விடை எழுதாதே. எழுது.

அண்ணன்


1998, சூன் 1

அண்ணே,

வணக்கம். அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தீர்களா? கோபத்தில் மறந்திருப்பீர்கள். முதலில் அதைப் போட்டுக்கொண்டு பிறகு படியுங்கள்.

தவறு என்னுடையது. அறிந்தே எழுதினேன். ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

பிப்ரவரியில் கேட்டேன். மார்ச்சில் மறுபடி கேட்டேன். அந்தக் கடிதங்கள் பணிமனை மேசையில் மனுக்களோடு மனுக்களாகக் கிடக்கும். பிரிப்பதற்கு ஒரு தோழர், அடுக்குவதற்கு ஒரு தோழர். அப்போதுதான் அஞ்சல் வாக்கு என் கைக்கு வந்தது. மண்வெட்டிக்குக் குறியிட்டேன். மடிக்கும்போது தோன்றிற்று: உலகத்தில் ஒரு தாளை மட்டும் உங்கள் கண்ணில் காட்டியே தீரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது செல்லாத வாக்கு. ஓரத்தில் எழுதி அனுப்பும் பழக்கத்தை நீங்கள்தான் எனக்குக் காட்டித் தந்தீர்கள்.

முதலில் ஒன்பதாயிரத்தில் தோற்றீர்கள், பிறகு முந்நூற்றில். இம்முறை ஆயிரக்கணக்கில் வெல்வீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒன்று குறைந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன். பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் நான் எழுதும் முதல் வரியே ‘ஒரு வாக்கு ஒரு தேர்தலையே மாற்றும்’ என்பதுதான். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குச் சொல்லிக்கொள்வது ஆகாது போலும்.

பத்தாண்டு உழைப்பைக் கெடுத்துவிட்டேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. மேடையில் நின்று கேட்கச் சொன்னாலும் கேட்பேன்.

நேற்று ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். ஒருவரும் பேசத் தெரியாதவர்கள்; கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. நீங்கள் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்டது கேட்டபடியே இருக்கிறது, அண்ணே.

தங்கச்சி


1998, சூலைத் திங்கள் 18

அன்புத் தங்கைக்கு,

நலம். மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறேன். உன் மூட்டுவலி எவ்வாறுள்ளது? சென்ற கடிதத்தின் சூட்டை மறந்துவிடு.

ஒளி ஒன்று தெரிகிறது. கட்சியின் வழக்கறிஞர் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார். அந்த வாக்கு செல்லும் என்பதே அவர் வாதம். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதுகிறேன்.

“அண்ணே, எழுதுனவரு யாருன்னு அடையாளம் தெரிஞ்சாத்தான் செல்லாது. இந்தச் சீட்டுல பேரு இருக்கா? ஊரு இருக்கா? ‘அண்ணே’ன்னு ஒரு சொல்லு இருக்கு. இந்தத் தொகுதியில உங்கள அண்ணேன்னு கூப்பிடாதவன் எவன்? மரக்கடைக்காரரே அப்படித்தான் கூப்பிடுறாரு! அஞ்சல்ல வாக்குப் போட்ட நூத்துக்கணக்கான பேருல யாரோ ஒருத்தரு எழுதுனது. அடையாளம் இல்ல, அதனால செல்லும். செல்லுச்சுன்னா ஒத்த வாக்குல நீங்கதான் உறுப்பினர்.”

அவருக்கு உன்னைப் பற்றித் தெரியாது. கட்சியில் எவருக்கும் தெரியாது. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று சொல்லும் சூழல் இத்தனை ஆண்டுகளில் வாய்க்கவில்லை. இப்போது பார்த்தால் அதுவே நமக்குத் துணையாகிறது.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். வழக்கு முடியும்வரை கடிதமும் வேண்டாம்; எழுத்தை எவரேனும் ஒப்பிட்டுப் பார்த்துவிடக் கூடும். உன் பழைய கடிதங்களைப் பிறர் கண் படாத இடத்தில் வைத்துவிட்டேன்.

என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்களாம், எழுத்து யாருடையது என்று. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வென்றதும் உன் அறை உனக்கே. வெள்ளையடித்துத் தருகிறேன்.

பொறுத்திரு.

அண்ணன்


1998, ஆகஸ்ட் 9

அண்ணே,

வணக்கம். கடிதம் வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். உறையின் மேல் முகவரியைப் பள்ளி எழுத்தர் எழுதித் தந்தார், அஞ்ச வேண்டாம்.

நீங்கள் உறுப்பினராக வேண்டும் என்று உங்களைவிட நான் விரும்புகிறேன். என்னால் போனது என்னாலேயே திரும்பக் கிடைக்குமானால், வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வேலை அல்ல. எனக்குப் பழக்கமான வேலை. எவரிடமும் சொல்ல மாட்டேன். நீதிமன்றத்துக்கும் வர மாட்டேன்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்க மாட்டேன். பொய் சொல்லுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

குடியிருப்பைச் செப்டம்பர் முப்பதுக்குள் காலி செய்ய வேண்டும். சாமான்கள் அதிகம் இல்லை. ஒரு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், ஒரு மூட்டைப் புத்தகம். கட்டி வைத்திருக்கிறேன். எங்கே என்று சீட்டு ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

கூண்டில் உங்களை ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு நீங்கள் தரும் விடையை, எனக்கு எழுதிய விடையாகவே எடுத்துக்கொள்வேன். கோபத்தில் சொல்லவில்லை, அண்ணே. வேறு விடை பத்தாண்டுகளாக வராததால் சொல்கிறேன்.

உப்பைக் குறையுங்கள்.

தங்கச்சி


1998, அக்டோபர்த் திங்கள் 22
சட்டமன்ற உறுப்பினர் விடுதி

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நலம் என்று ஒரு வரி வரவேண்டும்.

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். தீர்ப்பு நமக்கே. ஒற்றை வாக்கில் உறுப்பினரானேன். உன் வாக்கில். உறுதிமொழி எடுத்தபோது அவையே மேசையைத் தட்டியது.

செப்டம்பரில் கூண்டில் நடந்ததைச் செய்தித்தாள் முழுவதும் எழுதவில்லை. நீ என்னிடமிருந்தே அறிய வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூர்மையானவர். “உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?” என்று கேட்டார். நான், “தொகுதியில் வாழும் தாய்மார் அனைவரும் என் உடன்பிறந்தவர்களே” என்றேன். பார்வையாளர் பகுதியில் கைதட்டினார்கள். நீதிபதி சினந்து, “இது மேடை இல்ல, கேட்டதுக்கு விடை சொல்லுங்க” என்றார். வழக்கறிஞர் அந்தக் கேள்வியை விட்டுவிட, சீட்டைக் கையில் தந்தார்கள். “இந்த எழுத்து யாருடையதென்று தெரியுமா?” என்று கேட்டார்கள்.

நான் எத்தனையோ மணி நேரம் பேசியவன். அன்று ஒரு சொல் பேசினேன். ‘தெரியாது.’

என்ன செய்வேன்? பின்னால் இருந்த தோழர்களின் முகங்களைப் பார்த்தேன். பத்தாண்டுகள் என்னோடு பசை வாளி தூக்கியவர்கள்.

போகட்டும். உன் அறையை வெள்ளையடித்தாயிற்று. சுவரொட்டிகள் இல்லை, தோழர்கள் இல்லை. பணிமனையைக் கடைத்தெருவுக்கு மாற்றிவிட்டேன். கட்டிலைக் கிழக்குச் சுவரோரம் போட்டிருக்கிறேன். வா. கேட்டாயே அந்தச் சொல்லை, இதோ எழுதுகிறேன்: வா. உறுப்பினரின் தங்கையாக, தெருவே எழுந்து நிற்க, வா!

பேரவையில் எனக்குக் கடைசி வரிசை. ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் பேச விடுகிறார்கள். இருமி முடிப்பதற்குள் மணியடித்துவிடுகிறார்கள். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்று எண்ணினேன். இங்கே இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆள் இல்லை.

எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது. நிலையத்தில் நிற்பேன்.

அண்ணன்


1999, பிப்ரவரித் திங்கள் 27

அன்புத் தங்கைக்கு,

அக்டோபரில் எழுதிய கடிதம் திரும்பி வந்தது. நவம்பரில் எழுதியதும் வந்தது. ‘குடியிருப்பவர் வெளியேறிவிட்டார்’ என்று உறையில் எழுதியிருந்தது. பள்ளிக்கு ஆளனுப்பினேன். செப்டம்பர் கடைசியில் ஒரு சிறிய வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனாய் என்றார்கள். எங்கே என்று எவரும் கேட்கவில்லையாம். இதைப் பள்ளித் தலைமையாசிரியர் பெயருக்கே அனுப்புகிறேன். எங்கேனும் உன்னைக் கண்டால் தருவார். நலமா? மூட்டு எப்படி? அங்கே படிக்கட்டு இருக்கிறதா?

நேற்று வாக்காளர் பட்டியலைத் திருத்தும் பணிக்காக ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். இளையவர். நான் உறுப்பினர் என்று அறிந்து உட்காரவே தயங்கினார். கையில் ஒரு மனு.

“ஐயா, இந்த முகவரியில ரெண்டு பேரு இருக்கு. ஒருத்தரு தன் பேரை எடுத்துடச் சொல்லி மனுப் போட்டிருக்காங்க. வேற தொகுதியில சேத்துக்கிட்டாங்களாம்.”

“எந்த ஊரு?”

“அது இதுல வராதுங்க ஐயா. பேரை எடுக்க மட்டும்தான் எங்களுக்கு அனுப்புவாங்க. வீட்டுல இருக்கிறவங்க யாராச்சும் பாத்து, இது அவங்க எழுத்துதான்னு சொல்லணும். அது போதும்.”

மனுவை வாங்கினேன். பெயரை நீக்கும் காரணம் என்ற கட்டத்தில், ‘அங்கே குடியிருக்கவில்லை’ என்று எழுதியிருந்தாய். ஓரம் வெறுமையாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் வெறுமை.

“எழுத்து தெரியுதுங்களா ஐயா?”

“தெரியுது.”

“நிச்சயமாங்களா? அப்புறம் மாத்த முடியாது. அதுக்குத்தான் கேக்குறேன்.”

“நிச்சயமா.”

“உங்களுக்கு அவங்க என்ன வேணும்?”

மனுவை மறுபடி ஒருமுறை படித்தேன்.

“தங்கச்சி” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்திடச் சொன்னார், இட்டேன். பட்டியலை விரித்து, கோணாமல் இருக்க அளவுகோலை வைத்து, உன் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் அந்தக் கதவைத் தட்டுவதும், உள்ளிருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பெயரைச் சொல்வதும் இங்கே உன் அறைவரை கேட்டது.

அண்ணன்